அண்ணியின் மறதி

"என்னங்க, மாடியில துணி காயுது. எடுத்துட்டு வந்துடுங்களேன்."

அண்ணி சோபாவை விட்டு அசையாமல் குரல் கொடுத்தாள். அண்ணன் வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பார்க்க வந்திருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பிய மனுஷன்!

அண்ணன் துணியோடு வந்து மூச்சு வாங்கினார்.

"அய்யோ, கிளிப்பெல்லாம் கொடியிலேயே விட்டுட்டீங்களா? சொல்ல மறந்துட்டேன் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் மாடிக்குப் போனார்.

தங்கை பொங்கிவிட்டாள்.

"உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா அண்ணி? பல் தேய்ச்சாலே ரத்தம் கொட்டுது அவருக்கு. அவரைப் போய் இந்த விரட்டு விரட்டுறீங்க! இன்னிக்கே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நிம்மதியா படுத்துக் கிடக்கட்டும்."

"படுத்துக் கிடக்கத்தாம்மா கூடாது."

அண்ணி மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அசையாம கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சிடலாமாம். அது நெஞ்சுக்குப் போய் அடைச்சா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"உறையுமா? அவருக்குத்தான் ரத்தமே நிக்க மாட்டேங்குதே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். கெட்டுப்போன ஈரல் ரெண்டு கூத்தும் அடிக்குமாம். வெளியில நிக்காம வழியும், உள்ளுக்குள்ள உறையும். அவர்கிட்ட நான் மூச்சு விடல. மூக்குல ரெண்டு சொட்டு வந்தாலே ஆடிப்போயிடுறார், இதைச் சொன்னா தாங்குவாரா? சும்மா நடங்கன்னா முறைப்பார். வேலைன்னா எழுந்துடுவார்."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்கு வெட்கமாகப் போய்விட்டது. விறுவிறுவென்று போய், இறங்கி வந்துகொண்டிருந்த அண்ணனைப் படியிலேயே மடக்கினாள்.

"அண்ணா, கார்ல என் பையை மறந்துட்டேன். எடுத்துட்டு வர்றியா?"

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நீயும் அவ கட்சியில சேர்ந்துட்டியா? டாக்டர் எல்லாத்தையும் என்கிட்ட முதல்லயே சொல்லிட்டார்டி."

"அப்போ அண்ணிகிட்ட ஏன் சொல்லல?"

"ஸ்ஸ், மெதுவா பேசு! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவ ராத்திரி கொஞ்சமாவது தூங்குறா."