கொய்னா வரிசை

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வாசலில் காலை வெயில் ஈரத்தோடு விழ, பிள்ளைகள் காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மருந்துத் தண்ணி குடிக்க வரிசையில் நிற்கிறார்கள். ஒன்பது வயது அழகாயி தன் பங்கை மடக்கென்று குடித்துவிட்டு, உதட்டைக்கூடச் சுளிக்காமல் தம்பி முனியனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் வாங்கிய கசப்பு இன்னும் கன்னத்தில்தான் உப்பி நிற்கிறது. அவன் கண் வாசலோர வாய்க்கால் பக்கமே ஓடுகிறது. குடித்தால் காது இரைகிறது, மரம் சீவ முடியவில்லை என்று அம்மா தினமும் மருந்தை அங்கேதான் துப்பினாள். காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் இன்றோடு பதினெட்டு நாள். "அங்க பாக்காதடா, என்னைப் பாரு," என்று அழகாயி அவன் முகத்தை இரண்டு கையாலும் திருப்புகிறாள். "விழுங்கு ராசா," என்கிறார் மருந்து ஊற்றும் தம்பு ஐயா. அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, வரிசையை அவசரப்படுத்தாமல் நிற்கிறார். சின்னத் தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறது. கண்ணீர் பொலபொலவென்று வழிய, முனியன் ஆவென்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, அவன் வாயைத் துடைத்துவிட்டு நகர்கிறாள். அவன் நகரவில்லை, அவள் பாவாடையைப் பிடித்து இழுக்கிறான். "நீயும் காட்டுக்கா." அவள் குனிந்து வாயைத் திறக்கிறாள். முனியன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கன்னத்துக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறான். "சரி, வா," என்கிறான்.