ஒன்பதாம் நம்பருக்கு நாலு பந்து

"நேத்து வரைக்கும் நெட்டைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவதான் இந்தச் சுண்டு. இன்னிக்கு அவ கழுத்தையே அறுத்துட்டா."

குளியலறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அணிப் பெண் ஒருத்தி சொன்னது, கை கழுவிக்கொண்டிருந்த மேனேஜர் டீச்சரின் காதில் விழுந்தது. யார் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. அணி மொத்தமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலக வாலிபால் போட்டி. இவர்கள் அரையிறுதி வரை வந்ததே முதல் தடவை. கடைசி செட்டில் பதின்மூன்றுக்குப் பதினான்கு என்று பின்தங்கி நின்றபோது, பந்து பூப்போல சுண்டுவின் கைக்கு வந்தது.

சுண்டுதான் செட்டர். அடிப்பது அவள் வேலை இல்லை. அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் வேலை. அடிக்கிறவள் ஒன்பதாம் நம்பர், நெட்டை. வலையோரம் நின்று "எனக்கு, எனக்கு" என்று கூப்பிட்டாள். சுண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் தானே பந்தைத் தட்டிவிட்டாள். எதிரணிப் பெண் அதை அப்படியே மறித்துத் திருப்பினாள்.

முடிந்தது.

ஐந்து செட்டிலும் சேர்த்து நெட்டைக்குக் கிடைத்தது நாலே பந்து. அதுவும் வலையை ஒட்டித் தாழ்வாக, ஓங்கி அடிக்க வழியே இல்லாமல். பாவம், அவளும் விரலால் தட்டித்தான் விட்டாள்.

டீச்சர் அலுவலறைக்குள் போனபோது கோச் நாற்காலியில் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார். "ஒன்பதுக்குக் கொடு, ஒன்பதுக்குக் கொடுன்னு தொண்டை கிழியக் கத்தறேன் டீச்சர். மழையில நின்ன எருமை மாதிரி நிக்கறா."

நாளைக் காலையில் பெரியவர்கள் அணிக்கான பட்டியல் போகிறது. முதல் பெயர் நெட்டையுடையது. அவளை மட்டம் தட்டத்தான் சுண்டு இப்படிச் செய்தாள் என்பதில் கோச்சுக்குச் சந்தேகமே இல்லை. அவர் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஈவு இரக்கம் பார்க்கிறவரும் இல்லை. முதல் வாரம் முழங்கால் வீங்கிய பெண்ணை மறுநாளே விமானம் ஏற்றிவிட்டார். பட்டியலிலிருந்தும் அவள் பெயரை அடித்தாயிற்று.

புகாரை டீச்சர்தான் எழுதினார். அவர் கையெழுத்து மணிமணியாக இருக்கும். வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்ததற்கு இரண்டு வருடத் தடை. அதற்குள் சுண்டுவுக்கு வயது தாண்டிவிடும். அவள் உயரத்துக்குப் பெரியவர்கள் அணியில் யாரும் சீந்த மாட்டார்கள். அவளுக்கு இருந்தது இந்த ஒரு அணிதான். டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. செய்ததை அனுபவிக்கட்டும் என்று எழுதி முடித்தார்.

இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, மேசைக்கு ஒரே பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

ஏன் பந்து தரவில்லை என்று கோச் கேட்டார். சுண்டு தரையைப் பார்த்தாள். இரண்டாம் தடவை கேட்டார்.

"பொறாமைதான் சார்" என்றாள். "எப்பப் பார்த்தாலும் அவளுக்குத்தான் பேரு. எனக்குப் பிடிக்கலை."

கோச் நெட்டையிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. வேணும்னேதான் செஞ்சாளா?"

நெட்டை தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"சொல்லு நெட்டை" என்றாள் சுண்டு. "ஆமான்னு சொல்லு. அப்புறம் என்ன."

என்ன திமிர் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா சார்" என்றாள் நெட்டை.

அவளும் கையெழுத்துப் போட்டால்தான் புகார் செல்லும். டீச்சர் தாளை அவள் முன்னால் தள்ளி, மேலே பேனாவை வைத்தார். அதற்குள் கோச்சுக்குப் போன் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தோல்விக்கு யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெட்டை வலது கையைத் தூக்கினாள். மேசை விளிம்பு வரைகூட அது வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தாள். ஆட்டச் சூடு ஆறிப்போன தோள் வெட்டி இழுத்தது. கை மடியில் விழுந்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

டீச்சர் அந்தக் கையையே பார்த்தார். "எத்தனை நாளா?" என்று கேட்க வாயெடுத்தார்.

சுண்டு அவரைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

நெட்டை இடது கையால் பேனாவை எடுத்தாள். பழகாத கை, முதல் எழுத்திலேயே தாள் வழுக்கி விலகியது.

சுண்டு கையை நீட்டி, தாள் நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.