மிரான் அக்காவின் ஒன்பது மணி நேரம்

தண்ணீர் பிடிக்க எழுந்த தாசோம், பக்கத்து மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மிரான் அக்காவின் மேஜையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. விரித்து வைத்த தேர்வுப் புத்தகத்துக்குள் தடியாக ஓர் ஆங்கில நாவல். அக்கா அதைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாவலைக்கூட மன்னித்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் தாசோமால் தாங்க முடியவில்லை.

சியோலில் தேர்வுக்குப் படிப்பவர்களாலேயே நிறைந்த தெரு அது. வாசலில் 'வாசிப்பு அறை' என்று போர்டு தொங்கும். உள்ளே ஆசைக்கு எதையும் வாசித்தவர் கிடையாது.

ஆங்கில ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் நாலு பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். தாசோமும் மிரானும் இந்த அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜை. மற்ற இருவரும் வேறு ஊர்க்காரர்கள். தினமும் மாலை, அன்று படித்த நேரம் தெரிகிற மாதிரி ஸ்டாப்வாட்சை போட்டோ எடுத்து குரூப்பில் போடவேண்டும். பாத்ரூம் போனாலும் அதை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். அப்படி ஒரு கறார்.

அக்கா ஒன்பது மணி நேரம் என்று போட்டால், தாசோம் ஒன்பதே கால் ஆகிறவரை சாப்பிட எழுந்திருக்க மாட்டாள்.

தாசோமுக்கு இது ஐந்தாவது தடவை. வயது முப்பத்திரண்டு. இந்த வருஷம் அவர்கள் மாகாணத்துக்கு மொத்தமே இரண்டு ஆங்கில ஆசிரியர் இடம்தான். இதுவும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். பரீட்சைக்கு இருபது நாள்.

அக்கா வெளியே வந்ததும் தாசோம் மாடிப்படியில் மடக்கினாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மிரான் மழுப்பவில்லை. "ஆகஸ்ட்லேர்ந்து."

"அப்ப தினம் குரூப்ல போட்ட ஒன்பது மணி நேரம்?"

"உட்கார்ந்துதான்டி இருந்தேன்."

"கதை படிச்சுக்கிட்டு."

"அடிக்கோடு போடாம ஒரு பக்கம் படிச்சு ஏழு வருஷம் ஆகியிருந்துச்சு, தாசோம். எவ்வளவு நல்லாயிருக்கு தெரியுமா? இதுக்காகத்தானே நாம இங்கிலீஷ் பக்கமே வந்தோம்."

"பாஸ் பண்ணிட்டுப் படிக்கலாம்னு சொன்னது நீங்கதான்." தாசோம் வழிவிடவில்லை. "எனக்கு மட்டும் ஆசையில்லையா? கதைப் புத்தகம் படிச்சுப் படிச்சுத்தான் டீச்சராகணும்னு தோணிச்சு. அஞ்சு வருஷமா ஒண்ணைத் தொடல. உங்களைப் பார்த்து, உங்களைப் பார்த்துத்தான் நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஏமாத்திட்டீங்களே அக்கா."

மிரான் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"குரூப்ல சொல்லப் போறியா?"

"ஆமா."

"சொல்லிக்கோ. படிக்கிறதை மட்டும் விட்டுடாதே."

இந்த நேரத்திலும் உபதேசம் பார் என்று தாசோமுக்கு எரிந்தது. அங்கேயே நின்று குரூப்பில் எழுதிப் போட்டாள்.

'இவங்கள்லாம் டீச்சராகி, காப்பியடிக்காதேன்னு பிள்ளைங்ககிட்ட எந்த மூஞ்சியோட சொல்லுவாங்களாம்?' என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு தாசோம் ஓர் இதயம் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் மிரானை குரூப்பிலிருந்து நீக்கியாயிற்று. மறுநாள் காலை பக்கத்து மேஜையில் ஒரு பென்சில்கூட இல்லை.

நியாயம் ஜெயித்துவிட்டது. படிப்புதான் ஏறவில்லை.

முதல் நாள் ஏழு மணி நேரம். அடுத்த நாள் ஐந்து. அப்புறம் இரண்டு. ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் என்ன படித்தோம் என்று தெரியவில்லை. இரண்டு இடத்துக்கு எத்தனை நூறு பேர் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நாம் டீச்சராக ஆகப்போவதில்லை, இது எல்லாருக்கும் தெரியும், நமக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்று தோன்றியது. எட்டாம் நாள் மத்தியானம் கிம்பாப் சோற்றுச் சுருள் வாங்கி, பிரிக்காமலேயே குப்பையில் போட்டாள். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள்.

வாசிப்பு அறையின் ஓனரம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "நீயும் கிளம்பிட்டியா? பரீட்சைக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே."

"முடியல ஓனரம்மா. உட்கார முடியல."

"அவ சொன்னது சரியாத்தான் போச்சு."

"யாரு?"

"மிரான்தான். இந்த வருஷம் ரெண்டே இடம்னு ஆகஸ்ட்ல அறிவிச்சாங்களே, அன்னிக்கே போதும்னு மேஜைச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டா. பரீட்சைக்கு அவ அப்ளிகேஷன்கூடப் போடல."

தாசோம் பெட்டியைக் கீழே வைத்தாள். "போடலையா? அப்புறம் எதுக்கு தினமும் வந்து உட்கார்ந்திருந்தாங்க?"

"மறுநாளே திரும்பி வந்து நின்னா. 'நான் எழுந்து போயிட்டா அந்தப் பொண்ணு பத்து நாள் தாங்க மாட்டா. பரீட்சை வரைக்கும் பக்கத்துல சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்'னா. நாள் பூரா எப்படிச் சும்மா உட்கார்றது, கதைப் புத்தகம் வெச்சுக்கலாமான்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வெச்சுக்கிட்டா."