முடிவு தேதி

"மாம்பழக் கூழ் டின்னுக்குக்கூட முடிவு தேதி அடிக்கறோம் சார். இந்த மனுஷனுக்கு ஏன் வெறும் கோடு போட்டு வெச்சிருக்காங்க?"

கௌசிகா சிறைக் குறிப்பின் நகலை மேசைமேல் வைத்து, 'விடுதலை நாள்' என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

வக்கீல் நரசிம்மனின் அறை திருப்பதி கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. சித்தூர் கூழ் கம்பெனியில் டின்களுக்குத் தேதி அச்சடிக்கும் வேலை கௌசிகாவுக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

நரசிம்மன் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷமில்லை, இருபதும் இல்லை, உயிர் இருக்கும்வரை. நடுவில் விடுவதும் விடாததும் அரசாங்கத்தின் முடிவு. அதை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை அவருக்கே தெரியும்.

"முடிவு எடுக்கட்டும் சார். எப்ப எடுப்பாங்க, எதைப் பாத்து இல்லைன்னுவாங்கன்னு ஒரு முறை வேணாமா? அரசியல் சட்டத்துல வாழற உரிமை, இருபத்தொண்ணாவது பிரிவு, ஜெயிலுக்குள்ள இருக்கறவருக்கும்தானே?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அகிலா திரும்பிப் பார்த்தாள். "இந்தப் பொண்ணையே ஜூனியரா வெச்சுக்கோங்க சார். நம்ம ஜூனியர் இன்னும் பதினெட்டாவது பிரிவத் தாண்டல."

நரசிம்மன் அதைக் காதில் வாங்காமல் பழைய தீர்ப்பைப் புரட்டினார். பங்காருபாளையம் பக்கத்தில் மாந்தோப்பு வரப்புத் தகராறு. பக்கத்துத் தோப்புக்காரர் கிருஷ்ணப்பாவைச் சிறைக் குறிப்பிலிருந்த ரங்கையா வெட்டிக் கொன்றிருக்கிறார். உள்ளே போய் இருபத்திரண்டு வருஷம். இப்போது வயது அறுபத்துமூன்று.

"உங்க நைனா செஞ்சது சின்ன வேலை இல்லம்மா."

கௌசிகா தீர்ப்பின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்தது எனக்குத் தெரியும் சார்."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல. மன்னிக்கறது வேற, தேதி கேக்கறது வேற."

ரங்கையாவே மனு போடலாமே என்று அவர் கேட்டார். ஒரே ஒரு தடவை சிறைக்குப் போய்ப் பார்த்ததாக அவள் சொன்னாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அதனால் மனுதாரராகத் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள்.

அவள் போன் அடித்தது. பேர் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"சித்தப்பா. இதுல கையெழுத்துப் போட்டா வூட்டுப் பக்கமே வராதேன்றார். ரெண்டு நாளா இதையேதான் சொல்லிக்கினு இருக்கார்."

"பழசைக் கிளறினா மானம் போவும்னு பாக்கறார் போல."

"அப்டித்தான் சொல்றார். நான் வேற ரூம் பாத்துட்டேன் சார்."

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றினார். அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது சட்டம் அல்ல, நான்கு தாள்கள். ரங்கையாவை விடக் கோரிய விண்ணப்பம் சிறையிலிருந்து நாலு முறை போயிருக்கிறது. நாலு முறையும் ஒரே காரணத்துக்காகத் திரும்பியிருக்கிறது: 'இறந்த கிருஷ்ணப்பாவின் குடும்பத்தார் ஆட்சேபிக்கின்றனர்.'

"கோர்ட்டுல இதைத்தான் நீட்டுவாங்க. அந்தக் குடும்பம் அழுதுக்கினு வந்து நின்னா நம்ம கேஸ் அங்கயே முடிஞ்சுது."

கௌசிகா பையிலிருந்து தன் நகல்களை எடுத்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவை. நான்கையும் வரிசையாக அடுக்கினாள். நாலிலும் அதே வாக்கியம், அதே இடத்தில் அதே கமா. தேதி மட்டும் வேறு. மூன்றாவதில் மட்டும், இறந்தவரின் மனைவி 2020இல் நேரில் ஆஜராகி ஆட்சேபித்ததாக ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதன்மேல் ஒரு இறப்புச் சான்றிதழை வைத்தாள். அந்த மனைவி 2018இலேயே இறந்துபோயிருந்தார்.

"யாரும் போய்க் கேக்கல சார். முன்ன எழுதினதப் பாத்து அப்டியே எழுதிட்டாங்க. செத்தவங்கள சாட்சி வெச்சு ஒருத்தர உள்ள வெச்சிருக்காங்க."

நரசிம்மன் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை சரியாகத்தான் இருந்தது.

"சரி, கேக்கல. ஆனா எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு அந்தக் குடும்பம் எழுதித் தரணுமே. தருவாங்களா?"

"தருவாங்க."

"நீ போனா வாசல்ல நிக்க வுடுவாங்களாம்மா?"

"வுடுவாங்க சார். நீங்க மனுவ அடிக்கச் சொல்லுங்க."

நரசிம்மன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அகிலாவுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஆயுள் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் காலவரையறை வேண்டும். விசாரிக்காமல் எழுதிய அறிக்கைகள் செல்லாது. பதினாலாவது பிரிவு, இருபத்தொண்ணாவது பிரிவு. அகிலா அவரை முந்திக்கொண்டு அடித்தாள்.

பிரிண்டரிலிருந்து தாள்கள் சூடாக வந்தன. கௌசிகா கம்பெனியில் டின் வரிசையைச் சரிபார்ப்பதுபோல, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே ஸ்கேல் நின்றது.

"அகிலா அக்கா, நைனா பேரு தப்பா இருக்குது."

"சார் சொன்னதத்தானே அடிச்சேன்?" என்று அகிலா எட்டிப் பார்த்தாள். 'கௌசிகா, வயது 26, தகப்பனார் ரங்கையா' என்று இருந்தது.

கௌசிகா 'ரங்கையா'வை ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள். அதற்கு மேலே 'காலஞ்சென்ற கிருஷ்ணப்பா' என்று எழுதி, தாளை நரசிம்மன் பக்கம் தள்ளினாள்.

"எங்க வூட்டுப் பேரச் சொல்லி இனிமே யாரும் அந்தக் கட்டத்துல கோடு போடக் கூடாது சார்."