பனை உயரத்தில்

ஜாய்ஸ் பயிற்சி விமானத்தோடு விழுந்து இறந்த மறுவாரம், அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் துக்கம் கேட்கப் பந்தல்குடிக்கு வந்தார்.

“சுத்திக்கிட்டு விழுற விமானத்த மீட்குறது பாடத்துலயே இல்லைங்க. சுத்தவிடாம ஓட்டத்தான் சொல்லித்தர்றோம்.”

அவள் அப்பா வேதநாயகம் நாற்காலியை எட்டி உதைத்தார். “கெணத்துல தள்ளிவிட்டுத்தான் எம்மகளுக்கு நீச்சல் பழக்குனேன். முங்குனாத்தானய்யா மேல வரத் தெரியும்!”

தலைக்கு மேல் என்ஜின் சத்தம் கேட்டது. ஒரு சிறு விமானம் சுழன்று சுழன்று கரிசல்காட்டை நோக்கி விழுந்தது. பனை உயரத்தில் சுழற்சி நின்றது. விமானம் நிமிர்ந்து மேலே போனது.

வந்தவர் இறக்கையிலிருந்த எண்ணைப் படித்தார். ஜாய்ஸோடு நொறுங்கிப்போன அதே விமானம்.

“தெனமும் வாரா,” என்றார் வேதநாயகம். “நேத்துவரைக்கும் தரையில மோதிக்கிட்டுத்தான் இருந்தா. இன்னிக்குத் தானாப் பழகிட்டா. நீங்க கெளம்புங்க.”