கவலைப்படுகிறார்களாம்

“என்ர தம்பியைச் சிறையில போட்டு அடிக்கிறாங்கள். கனடா ‘கவலைப்படுறம்’ எண்டு அறிக்கை விடுது. ஆருக்கு வேணும் உந்தக் கவலை?” மொன்ட்ரியால் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில் ஓங்கிக் குத்திப் பிரெஞ்சில் கத்தினாள், கியூபாவை விட்டு ஓடி வந்த யானெலிஸ்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஈழத்துத் தியாகராசாவுக்கும் கொதித்தது. “எங்கட சனம் செத்து முடியுமட்டும் இவை கவலைதான் பட்டவை.”

“அங்க உல்லாசப் பயணம் போய் அவங்களுக்கே காசு குடுக்கிறவையை என்ன செய்யலாம்?”

“மானமில்லாதவை. கொழும்புக்கு ஹொலிடே போற எங்கட ஆக்களின்ர முகத்திலயே நான் முழிக்கிறேல்லை.”

போன் அடித்தது. கை முழுக்கச் சோறும் கறியும். சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“இஞ்சாருங்கோ, நாங்கள் போற கியூபா ஹொட்டலில கடற்கரைப் பக்கமே அறை தந்திட்டாங்கள்,” என்றாள் மனைவி அஜந்தா.

யானெலிஸுக்குத் தமிழ் தெரியாது. கியூபாவும் ஹொட்டலும் விளங்கின. அவரையே பார்த்தாள்.

“எனக்குச் சரியான கவலையாக் கிடக்கு, யானெலிஸ்,” என்றார் தியாகராசா.