பாடாலூர் வரைக்கும்தான்

"அரை மணி நேரம்னு சொல்லிட்டுப் போன ஆளு, ரெண்டரை மணி நேரம் கழிச்சு வந்து, வாங்கின பெல்ட்டக் காணோம்னு நிக்கிறியே, நீயெல்லாம் எதுக்குய்யா வண்டி ஓட்டுற?"

அறிவரசன் போட்ட சத்தத்தில் பாடாலூர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரைவர் கொளஞ்சியப்பன் வேனுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். "இந்தப் படியிலதான் தம்பி வச்சேன். ஸ்பேனர் எடுக்கப் பின்னாடி போனேன். வந்து பாத்தா இல்ல."

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?"

வேன் என்று சொன்னால் மற்ற வேன்கள் கோபித்துக்கொள்ளும். போன வியாழக்கிழமை இதே வண்டி வீட்டு வாசலை விட்டே நகரவில்லை. இன்றைக்கு அரும்பாவூரிலிருந்து கிளம்பி, பெரம்பலூர் வருவதற்குள் ஒரு தடவை நின்றது. பாடாலூர் வந்ததும் ஃபேன் பெல்ட் அறுந்து ஒரேயடியாகப் படுத்துவிட்டது. திருச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்குப் போக வேண்டிய வண்டி. இந்த வண்டிக்குத் தோதான பெல்ட் இங்கே கிடைக்காது என்று கொளஞ்சியப்பன் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போய் வந்தார்.

வேறு நாளாக இருந்தால் அறிவரசன் இவ்வளவு கத்துகிற ஆள் இல்லை. நாளைக்குக் காலையில் அவனுக்கு மஸ்கட் ஃபிளைட். மறுபடி வர ரெண்டு வருஷம் ஆகும். நாற்பது நாள் லீவும் வீட்டுக்குத் தளம் போடுவதிலும் தங்கச்சி கல்யாணத்திலும் கரைந்து போயிருந்தது. போன தடவை வந்தபோதும் இதே கதைதான்.

"நீ பொய்தான் சொல்லுவ" என்று பத்து வயது மகள் பிரவீணா மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட அன்றைக்கு, அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். "உன்னப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகாம ஃபிளைட் ஏற மாட்டேன்."

பெற்ற பிள்ளை தலையில் அடித்த சத்தியம் தவறினால் அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்று கேட்டு வளர்ந்தவன் அவன்.

"என்னங்க, பஸ்ஸுல போயிடலாம்ல?" என்றாள் மனைவி புவனேஸ்வரி.

"ஒரு மணி நேரமா ரோட்டுல நின்னுட்டுத்தானே வரேன்? ஒண்ணும் நிக்கல. நின்ன ஒண்ணுலயும் கால் வைக்க இடமில்ல. மணி ரெண்டாவப் போவுது. இனிமே போயி பார்க்கு கேட்டத்தான் பாத்துட்டு வரணும்."

கொளஞ்சியப்பன் வேனுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகத் தேடினார். பிரவீணா கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் இருந்த துணிப்பையைத் தூக்கினார்.

அறிவரசனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யோவ், எம் புள்ள பையில என்னய்யா தேடுற? உம் பெல்ட்டத் திருடவா நாங்க வந்தோம்?"

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "இல்ல தம்பி. கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன் போலருக்கு. வயசாவுதுல்ல."

"இப்பதான் படியில வச்சேன்ன? வார்த்தைக்கு வார்த்தை மாத்திப் பேசுற."

அறிவரசன் அங்கேயே நின்று, அவர் காதுபடவே, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டான். "கொளஞ்சியப்பன் வண்டியில யாரும் ஏறாதீங்க. வண்டியும் ஓட்டை, வாயும் பொய்."

"வாடகை வேணாம் தம்பி" என்று மட்டும் சொன்னார் கொளஞ்சியப்பன். பெரம்பலூர் பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, சாமான்களைத் தூக்கி ஏற்றிவிட்டார். கடைசியாகத் துணிப்பையைப் பிரவீணா கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்க பாப்பா."

வழி நெடுகப் பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். பார்க்குக்குப் போக முடியவில்லையே என்றுதான் அறிவரசன் நினைத்தான். இனிமேல் என்ன சமாதானம் சொன்னாலும் பொய்தானே.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கட்டிலில் சூட்கேஸ் பாதி நிரம்பிக் கிடந்தது.

"உங்க துண்டு பாப்பா பையிலதான் இருக்கு. எடுத்து சூட்கேஸ்ல வச்சிடுங்க" என்றாள் புவனேஸ்வரி.

தண்ணீரில் ஆடிவிட்டுத் துவட்டிக்கொள்ளக் கொண்டுபோன துண்டு. ஈரமே படாமல் அப்படியே இருந்தது. உருவி எடுத்தபோது உள்ளேயிருந்து என்னவோ தரையில் விழுந்தது.

புது பெல்ட். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.

அறிவரசன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிரவீணா கதவோரம் நின்றிருந்தாள்.

"டிரைவர் பெரியப்பாவுக்குத் தெரியும்ப்பா. பையத் தூக்கினப்பவே தொட்டுப் பாத்துட்டாரு. நான் அழுதேனா, ஒண்ணும் சொல்லாம கீழ வச்சிட்டாரு."

செல்போன் சிணுங்கியது. குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். 'நல்லவேளை சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு அவர் வண்டியத்தான் பேசியிருந்தோம். வேணாம்னு சொல்லியாச்சு.'

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்றான் அறிவரசன். "அந்தப் பார்க்குக்குப் போகணும்னு ரெண்டு வருஷமா நீதானேம்மா கேட்ட?"

அவள் சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்குக்குப் போகலன்னா ஃபிளைட் ஏற மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனியேப்பா. அப்ப நாளைக்கு நீ போக மாட்டல்ல?"